124 கிலோ எடையில் ஓடத் தொடங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரையான், மதுரை, ஜனவரி 6

எல்லோருக்கும் வணக்கம். இந்த மன்றத்துக்கு நெடுநாளாக வாசகன், எழுதுவது இதுதான் முதல் முறை.

வயது 36, உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 124 கிலோ. உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு ஒன்பது வரை நாற்காலிதான். பிபிக்கு ஒரு மாத்திரை போகிறது. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்கிறார் டாக்டர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தில் ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் போனேன். முதல் நாளே நிற்காமல் இரண்டு சுற்று. போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனதில் ரோஷம் வந்து மூன்றாவது சுற்றும் ஓடினேன். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முழுக்க வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை. அத்தோடு ஷூவை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியாயிற்று.

இப்போது மறுபடி ஏன் என்றால், மகனுக்கு சைக்கிள் பழக்குகிறேன். சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓட வேண்டுமே. இருபது அடியில் கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவன் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான்.

ஒன்பது வாரத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட வைக்கும் 'கவுச் டு 5கே' திட்டத்தைச் செல்போனில் இறக்கி வைத்திருக்கிறேன். என் எடைக்கு அது சரிப்படுமா? "நட, அது போதும்" என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு ஓட வேண்டும்.

பழையசோறு, தஞ்சாவூர், ஜனவரி 6

தம்பி, வீட்டில் சொன்னது சரி. எனக்கு வயது 61. என்னோடு வேலை பார்த்தவர் உங்களைப் போலத்தான், நல்ல கனமான ஆள், ஓடி ஓடி முட்டி தேய்ந்து இன்றைக்குக் கைத்தடியோடு நடக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் நடங்கள். முட்டி போனால் திரும்ப வராது.

ஆமைநடை, சென்னை, ஜனவரி 6

பழையசோறு ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் 131 கிலோவில் தொடங்கியவன். இப்போது 97. முட்டி இருக்கிறது.

வைகைக்கரையான், அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் போட்டது. ஓட்டமே பழக்கமில்லாத ஆட்களைச் சோபாவிலிருந்து எழுப்பத்தான் அதை எழுதினார். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையே அதை எடுத்து மக்களிடம் கொண்டுபோனது. ஆனால் சோபாவில் இருந்து எழுபவர் 80 கிலோவா 124 கிலோவா என்று அது கேட்பதில்லை. முதல் வாரமே 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படி எட்டு முறை, வாரம் மூன்று நாள். நான் அதை அப்படியே செய்து இரண்டாம் வாரத்தில் குதிகால் வலியோடு உட்கார்ந்தேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் ஆணி குத்துவது போல இருக்கும். அந்த வலி போக நான்கு மாதம் ஆனது.

பிறகு நான் செய்தது இது. முதல் ஆறு வாரம் நடை மட்டும். இருபது நிமிடத்தில் தொடங்கி, முப்பது நிமிடம் விறுவிறுவென்று நடந்தாலும் மறுநாள் காலை எங்கும் வலி இல்லை என்கிற நிலை வரும்வரை. அதன் பிறகு அந்த நடைக்கு நடுவில் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓட்டம். ஓட்டம் என்று சொல்வதே அதிகம், பஸ் கிளம்பப் போகிறது என்று தெரிந்தும் அவசரப்படாத ஆள் போவது போல. மூச்சு முழுக்கத் திரும்பும்வரை நடை. மறுபடி ஒரு கம்பம். அப்படிப் பதினைந்து இருபது விநாடியில் தொடங்கி ஒரு நிமிடத்துக்கு வர எனக்கு இரண்டு மாதம். அதற்குப் பிறகுதான் அந்த ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடியது பதினோராவது மாதத்தில்.

கோவைக்காரி, கோயம்புத்தூர், ஜனவரி 7

டாக்டரைப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவே இல்லையே? பிபி மாத்திரை, எல்லையில் சர்க்கரை, நாள் முழுக்க நாற்காலி. முதலில் ஈசிஜி.

எலும்புக்கூடு, திருச்சி, ஜனவரி 7

நான் இயன்முறை மருத்துவர், இருபது வருடமாக இதே வேலை. நேரில் பார்க்காமல் யாருக்கும் மருத்துவம் சொல்ல மாட்டேன், பொதுவாகச் சில விஷயம் சொல்கிறேன்.

கோவைக்காரி சொன்னதுதான் முதல் படி. மருத்துவரிடம் "ஓடப் போகிறேன்" என்றே சொல்லுங்கள், "உடற்பயிற்சி செய்யலாமா" என்று கேட்டால் எல்லோருக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஈசிஜி பார்த்த பிறகு டிரெட்மில் சோதனை தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். குடும்பத்தில் ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்தவர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இரவில் பலமான குறட்டை, பகலில் தூக்கம் சொக்குவது இருந்தால் அதையும்.

பிபி மாத்திரையின் பெயர் என்ன? அட்டினலால், மெட்டோப்ரோலால் வகை என்றால் இதயத் துடிப்பு ஒரு அளவுக்கு மேல் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் துடிப்பு ஏறவில்லையே" என்று விரட்டிக்கொண்டு போகக் கூடாது. உங்களுக்கான அளவுகோல் பேச்சுதான். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

அடுத்தது முட்டி. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையை விடக் கொஞ்சம் கூடுதல். ஓடும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு. உங்கள் கணக்கில் அது 250 முதல் 370 கிலோ, ஒற்றைக் காலில். பழையசோறு ஐயாவின் பயம் காரணமில்லாத பயம் இல்லை. அதே நேரம், பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு, ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களை விட முட்டித் தேய்மானம் குறைவாகவே இருக்கிறது என்று 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். அதற்காக 124 கிலோ ஆள் நாளைக்கே ஓடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் எடைக்காரர்கள் இல்லை.

நம் எடைக்காரர்களை வைத்துப் பார்த்த ஒன்று டென்மார்க்கில் 2014-இல் வெளியானது. உடல் நிறை எண் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐ) 30-க்கு மேல் உள்ள புதியவர்கள் முதல் வாரத்தில் மொத்தம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காயப்படும் வாய்ப்பு கூடுவது போலத் தெரிகிறது என்று எழுதினார்கள். உங்கள் எண் 41-க்கும் மேல். இப்போது அந்த ஒன்பது வாரத் திட்டத்தைக் கணக்குப் போடுங்கள்: எட்டு நிமிட ஓட்டம், மூன்று நாள், 24 நிமிடம். மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலே 3 கிலோமீட்டர். அதாவது சராசரி ஆளுக்கான தொடக்கம் உங்களுக்கு வரம்பின் விளிம்பு. ஆமைநடையின் மின்கம்பக் கணக்கு அந்த வரம்புக்கு வெகு உள்ளே நிற்கிறது.

வைகைக்கரையான், ஜனவரி 7

எலும்புக்கூடு சார், மிக்க நன்றி. மாத்திரை அம்லோடிபின். குறட்டை பற்றி மனைவியிடம் கேட்டேன், பதிலை இங்கே எழுத முடியாது.

எலும்புக்கூடு, ஜனவரி 7

அம்லோடிபின் துடிப்பைப் பெரிதாக அடக்காது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும், இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஷூ வாங்கும்போதும் அதை நினைவில் வைக்க வேண்டும். குறட்டையை வேடிக்கையாக விட்டுவிடாதீர்கள்.

பழையசோறு, ஜனவரி 8

ஓடித்தான் ஆக வேண்டும் என்று என்ன வேண்டுதல்? நடந்தும் இளைக்கலாமே. அரசாங்கமே ஊருக்கு ஊர் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்கிறது.

ஆமைநடை, ஜனவரி 8

அதைத் தொடங்கிவைத்த துறையின் அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே நூற்றுக்கும் மேல் அரை மாரத்தான் ஓடியவர், சர்க்கரை நோயோடு.

கோவைக்காரி, ஜனவரி 8

அவர் 124 கிலோ இருந்ததில்லை. ஒப்பீடு செல்லாது.

ஆனால் ஐயா, இளைப்பதற்காக ஓடுகிறேன் என்று அவர் எழுதவே இல்லையே. மகனின் சைக்கிளுக்குப் பின்னால் ஓட வேண்டும் என்கிறார். அதற்கு நடை போதாது.

ஆமைநடை, ஜனவரி 8

இளைப்பது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் ஏமாறுகிறோம். ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்கு உடல் எடை கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 124 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 124 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி. முதல் மாதம் நாம் ஓடும் அரைக் கிலோமீட்டரில் எதுவும் கரையாது. எனக்கு முதல் இரண்டு மாதம் எடை ஒரு கிலோ கூடியது! ஓடிவிட்டு வந்த தெம்பில் நான்கு இட்லிக்குப் பதில் ஏழு இறங்கியதுதான் காரணம். என் 34 கிலோவும் பெரும்பாலும் தட்டில்தான் குறைந்தது. ஓட்டம் என்ன செய்தது என்றால், இரவில் தூக்கம் வந்தது, பதினொரு மணிக்குப் பரோட்டா தேடுவது நின்றது.

எலும்புக்கூடு, ஜனவரி 8

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முட்டித் தேய்மானம் உள்ள கனமானவர்களை வைத்து 2005-இல் அமெரிக்காவில் அளந்தார்கள். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்துவிட்டு ஓடத் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் குறைந்தால் முட்டிக்கு அது இருபது கிலோ.

மட்டுறுத்துநர், ஜனவரி 9

பத்து நாளில் பத்து கிலோ குறைக்கும் பொடி விற்கும் பதிவு இரண்டை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது வந்தால் கணக்கும் போகும்.

வைகைக்கரையான், ஜனவரி 19

ஈசிஜி, எக்கோ சரியாக இருக்கிறது. டிரெட்மில் சோதனையில் ஆறாவது நிமிடமே போதும் என்று கை காட்டிவிட்டேன், இருந்தாலும் இதயத்தில் குறை தெரியவில்லையாம். "மெதுவாகப் போங்கள், நெஞ்சில் அழுத்தமோ மயக்கமோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்" என்றார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறேன். ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டர் பக்கம் வரும். பரணிலிருந்து எடுத்த பழைய ஷூ இரண்டாம் நாளே வாயைப் பிளந்தது, அடிப்பாகம் அப்படியே கழன்று வந்துவிட்டது. காலணி இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்ததைப் பூக்கார அம்மா பார்த்துச் சிரித்தார்.

இன்னொன்று, கேட்கக் கூச்சம்தான். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகிறது. என்ன செய்வது?

கோவைக்காரி, ஜனவரி 19

கூச்சமே வேண்டாம், கனமானவர்கள் பாதியில் விடுவதற்கு முட்டியை விட இதுதான் பெரிய காரணம் என்பேன். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடுவது போல முட்டிவரை ஒட்டிய கால்சட்டை, உள்ளே. அதன்மேல் வழக்கமான டிராக் பேன்ட். புறப்படும் முன் வாசலின் தாராளமாக, தொடையில், அக்குளில், வயிற்று மடிப்பில். பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனத்து உரசும். வந்ததும் குளித்துத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரத்தோடு கடைக்குப் போய் உட்கார்ந்தால் படைதான் வரும்.

பெண்கள் யாராவது படித்தால்: ஸ்போர்ட்ஸ் பிரா நம் அளவில் கடைகளில் கிடைப்பது கடினம். கிடைக்கும்வரை நான் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டேன். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் வேண்டாம். 112 கிலோவில் எங்கள் ஊர் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் முதல் நாள் போனபோது துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டே ஒரு சுற்று, இரண்டரைக் கிலோமீட்டர். மூன்றாம் வாரம் துப்பட்டா வீட்டில் தங்கிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தார்கள். பெஞ்சில் இருந்த ஒரு மாமா, "தரை அதிருதும்மா" என்று சிரித்தார். அன்று அழுதேன். இப்போதும் அதே பெஞ்சில் அதே மாமா, வயிறு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

எலும்புக்கூடு, ஜனவரி 20

ஷூ: பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பசையும் நுரையும் கெட்டுவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். புதிது வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு போய் அளவு பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம். பாதம் அகலமாக இருந்தால் நீளத்தைக் கூட்டி வாங்காமல், அகல வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். டெகாத்லான் கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ட ஷூ போதும். விலை உயர்ந்தது காயத்தைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும், நம் எடையில் சீக்கிரமே அமுங்கிவிடும்.

நடக்கும் இந்த வாரங்களில் வீட்டில் மூன்று வேலை செய்யுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து முறை. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, பன்னிரண்டு முறை. சுவரைத் தொட்டும் தொடாமலும் ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்பது. ஓட்டம் என்பதே ஒற்றைக் காலிலிருந்து ஒற்றைக் காலுக்குத் தாவுவது. நிற்கவே முடியாத காலில் தாவ முடியாது.

தெம்பனிஸ்வாசி, சிங்கப்பூர், ஜனவரி 23

இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமை காலை பார்க்ரன் நடக்கும், 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. 2004-இல் லண்டனில் 13 பேரோடு தொடங்கியது. என்னை அங்கே போக வைத்தது ஒரே ஒரு விஷயம்: கடைசியாக வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பார். நாம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவர் நமக்குப் பின்னால்தான். 118 கிலோவில் முழுக்க நடந்தே முடித்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊரில் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

வைகைக்கரையான், பிப்ரவரி 24

அறிக்கை. நடை ஐந்து வாரம் முடித்தேன். முப்பத்தைந்து நிமிடம், வாரம் ஐந்து நாள், வலி இல்லை. எடை 121.5. இந்த வாரம் ஓட்டம் தொடங்கியது: இருபது விநாடி ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

உண்மையைச் சொன்னால் இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. மூச்சே வாங்கவில்லை. ஒரு நிமிடமாக ஏற்றிவிடட்டுமா?

ஆமைநடை, பிப்ரவரி 24

வேண்டாம்.

எலும்புக்கூடு, பிப்ரவரி 25

இந்த இழை முழுக்க நான் சொல்ல நினைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசை அதற்குப் பின்னால். தசைநாரும் எலும்பும் பல மாதம் எடுக்கும். ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம்தான் ஆபத்தான காலம், ஏனென்றால் நெஞ்சு "போகலாம்" என்கிறது, முன்னெலும்பு இன்னும் தயாராகவே இல்லை, அதற்குப் பேசவும் தெரியாது. வலியாகத்தான் சொல்லும், சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்று ஒரு விதி சொல்வார்கள். 2008-இல் நெதர்லாந்தில் புதியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவை அந்த விதிப்படியும் இன்னொன்றை வேகமாகவும் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு குழுவிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஆக அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. நான் நோயாளிகளிடம் சொல்வது மறுநாள் காலை விதி: எழுந்து பத்து அடி வைத்துப் பாருங்கள். நேற்றைய ஓட்டம் காலில் தெரிந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். தெரியாமல் இரண்டு வாரம் போனால் பத்து விநாடி கூட்டுங்கள்.

வைகைக்கரையான், மார்ச் 18

திட்டுவீர்கள், தெரிந்தே எழுதுகிறேன். போன ஞாயிறு கடைப் பையன்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் தெப்பக்குளத்தை ஒரு முழுச் சுற்று ஓடிவிட்டேன், நிற்காமல்! அன்று முழுக்கக் காற்றில் நடந்தேன். மனைவிக்கும் மகனுக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை இடது முன்னெலும்பில் அதே பழைய வலி.

எலும்புக்கூடு, மார்ச் 18

திட்டவில்லை. எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலிக்கிறதா, ஒரே விரலால் தொட்டு "இங்கேதான்" என்று காட்டும்படி வலிக்கிறதா? இரவில் படுத்திருக்கும்போது இருக்கிறதா? அந்த ஒற்றைக் காலில் லேசாகக் குதித்தால்?

வைகைக்கரையான், மார்ச் 18

பரவலாகத்தான். இரவில் இல்லை. குதிக்கப் பயமாக இருக்கிறது, குதித்துப் பார்த்தேன், பொறுக்க முடிகிறது.

எலும்புக்கூடு, மார்ச் 18

நல்லது. விரல்நுனியில் காட்டும் வலி, இரவு வலி, குதிக்கவே முடியாத வலி என்றால் எலும்பில் விரிசலோ என்று பார்க்க வேண்டும், அப்போது ஓட்டம் முழுக்க நிறுத்தி எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுடையது இப்போதைக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனாலும் உள்ளூரில் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். வலிக்காத அளவுக்கு நடை, முடிந்தால் நீச்சல் அல்லது ஓரிடத்தில் நிற்கும் சைக்கிள். குதிகால் உயர்த்தும் பயிற்சியை விடாதீர்கள். திரும்பும்போது விட்ட இடத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போய்த் தொடங்குங்கள்.

இன்னொன்று, ஓடும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். எட்டி வைத்தால் குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் போய் மோதும். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் முட்டியின் சுமை குறைகிறது என்று 2011-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் கூட்டுங்கள். கோலாட்டம் மாதிரி, தட் தட் தட் என்று.

பழையசோறு, மார்ச் 19

நான் சொன்னேன் அல்லவா.

கோவைக்காரி, மார்ச் 19

சொன்னீர்கள் ஐயா. நீங்கள் தினமும் நடக்கிறீர்களா?

பழையசோறு, மார்ச் 19

பெரிய கோயிலைச் சுற்றித் தினமும் நடந்துகொண்டுதான் இருந்தேன். தீபாவளிக்குப் பிறகு கொஞ்சம் விட்டுப்போனது.

கோவைக்காரி, மார்ச் 19

நாளைக் காலை போய்விட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

தெம்பனிஸ்வாசி, ஏப்ரல் 11

வெயில் காலம் வந்துவிட்டதே, எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கனமான உடம்பு சூட்டை லேசில் வெளியே விடாது. இங்கே வருடம் முழுக்கப் புழுக்கம், சில நாள் பத்து நிமிடத்திலேயே தலை சுற்றும்.

வைகைக்கரையான், ஏப்ரல் 12

காலை ஐந்தே கால், இருட்டோடு. ஆறரைக்கு மேல் தெப்பக்குளம் படிக்கட்டே சுடுகிறது. மே 4-இல் அக்னி நட்சத்திரம் தொடங்கினால் ஐந்து மணிக்கே வியர்க்கும். அந்த நாட்களில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். உப்புப் போட்ட மோர் குடிக்கலாமா என்று கேட்டேன். அரை மணி நேரத்துக்குத் தண்ணீரே போதும், பிபிக்காரன் உப்பைத் தேடிப் போகாதே என்றார்.

இருட்டில் போவதில் இன்னொரு பிரச்சினை, நாய். நடந்தால் கண்டுகொள்வதில்லை, ஓடினால் நான்கு சேர்ந்து துரத்துகிறது. 119 கிலோ ஆளை ஓட்டத்தில் ஜெயிப்பது அவற்றுக்குப் பெருமையா என்ன?

ஆமைநடை, ஏப்ரல் 12

நாய் இருக்கும் இடத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே நடைக்கு மாறிவிடுங்கள். துரத்தினால் நின்றுவிடுங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். என் நடை இடைவெளிகளில் பாதி நாய்கள் முடிவு செய்ததுதான். கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசி. அதில் மட்டும் நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

வைகைக்கரையான், ஜூன் 29

நீண்ட நாளாக எழுதவில்லை. முன்னெலும்பு வலி ஏப்ரல் தொடக்கத்திலேயே போய்விட்டது. இருபது விநாடியிலிருந்து மறுபடி ஏறி, ஜூன் முதல் வாரம்தான் ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரத்துக்கு வந்தேன். அந்த முதல் வாரத்தை மூன்று முறை செய்திருக்கிறேன். நாளை நான்காவது முறை. எடை 115. தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை இருப்பது தெரிந்து இரவில் மூச்சுக்குக் காற்றுத் தரும் முகமூடி போட்டுத் தூங்குகிறேன். பகல் தூக்கம் போனதே பெரிய மாற்றம், ஓட்டத்தை விட.

மகன் சைக்கிள் விஷயம்: அவன் மே மாதமே தானாகப் பழகிவிட்டான். சீட்டைப் பிடிக்க ஆள் தேவையில்லை. தெருமுனை வரை போய் நின்று "சீக்கிரம் வாங்கப்பா" என்று கத்துகிறான். நான் என் ஒரு நிமிடத்தை ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, போய்ச் சேர்கிறேன்.

பழையசோறு, ஜூன் 29

மகிழ்ச்சி தம்பி. நானும் இப்போது தினம் போகிறேன். நடைதான்.

உப்புக்காற்று, ராமநாதபுரம், ஜூலை 2

முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். நான் 108 கிலோ, வயது 29, பெண். தெருவில் ஓடும் தைரியம் இன்னும் வரவில்லை. மொட்டை மாடியில் ஓடலாமா?

கோவைக்காரி, ஜூலை 2

நடையை மாடியில் தொடங்குங்கள், தாராளமாக. ஓட்டத்துக்கு மாடி சரிப்படாது. சிமெண்ட் தரை, பத்தடிக்கு ஒரு திருப்பம், திரும்பித் திரும்பியே கணுக்கால் வலிக்கும். பக்கத்தில் பள்ளி மைதானம் ஏதாவது இருக்கிறதா, காலை ஐந்தரைக்குத் திறந்துவிடுகிறார்களா என்று விசாரியுங்கள். வீட்டில் இருந்து ஒருவரை முதல் பத்து நாள் கூட வரச் சொல்லுங்கள், அவர் உட்கார்ந்து செல்போன் பார்த்தாலும் போதும். பிபி, சர்க்கரை, தைராய்டு கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?